கலியாணப் படம் வர ஏன் இத்தனை நாள்?

“மூண்டு மாசமாச்சு, மிஸ். காசில முக்கால்வாசி குடுத்தாச்சு. கேக்கிற நேரமெல்லாம் ‘எடிற்றிங்கில இருக்கு’ எண்டுதான் சொல்லுறாங்கள். அதென்ன அப்பிடியொரு எடிற்றிங்? படம் எடுத்தது ஒரு நாள்தானே?”

2024 வைகாசியில் கிளிநொச்சியில் எமது மாதர் சங்கத்தின் மாதாந்தக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரி இப்படிக் கேட்டார். 2009 இல் கணவரை இழந்தவர். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தே ஒரே மகளை வளர்த்து, அந்த வருடம் மாசியில் கலியாணம் செய்து வைத்தார். மாப்பிள்ளை கனடாவில் இருந்து வந்து, தாலி கட்டி, இரண்டு கிழமையில் திரும்பிப் போய்விட்டார். மகளை அங்கே எடுப்பதற்கான விண்ணப்பத்துடன் கலியாணப் படங்களையும் சேர்க்க வேண்டும். படங்கள் வரவில்லை. “எங்களைப் பேக்காட்டுறாங்கள்” என்று பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்க் கேட்பதென்று முடிவாயிற்று.

உண்மையைச் சொன்னால், நானும் சண்டை பிடிக்கும் எண்ணத்தோடுதான் புறப்பட்டேன். எங்களுடன் வயதான இன்னொரு தாயும் வந்தார். அதே ஸ்ரூடியோவில் அவருக்கும் ஓர் அலுவல் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஸ்ரூடியோக்காரர் ஐம்பது வயதைத் தாண்டியவர். தகப்பன் நடத்திய தொழிலை இவர் நடத்துகிறார். நாங்கள் குரலை உயர்த்த முதலே, “அக்கா, உள்ளுக்கு வாங்கோ. வேலை நடக்கிற இடத்தைப் பாத்திட்டுப் பேசுங்கோ” என்றார். உள்ளே, யன்னல் இல்லாத ஒரு சிறிய அறையில் கணினிக்கு முன்னால் ஓர் இளம் பெண் இருந்தார். இரண்டு பிள்ளைகளின் தாய். வலது கை மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தார். நாள் முழுவதும் மவுஸ் பிடிப்பதால் வரும் நோவாம்.

அன்று காலைதான் வேறொரு கலியாணத்தின் படங்களைத் தொடங்கியிருந்தார். இரண்டு கமராக்கள், பொன்னுருக்கல் முதல் கால்மாறல் வரை. மொத்தம் 3,400 படங்கள்.

“இதில எத்தினை அல்பத்துக்குப் போகும், தங்கச்சி?”

“இருநூற்றைம்பது, மிஸ்.”

மிகுதி 3,150 படங்களையும் பார்த்துத்தான் கழிக்க வேண்டும். ஒரு படத்தை மூன்று செக்கன் பார்ப்பதாக வையுங்கள். 3,400 படங்களுக்கு 10,200 செக்கன், அதாவது 2 மணித்தியாலமும் 50 நிமிடமும். இடையில் எழும்பாமல், தண்ணீர் குடிக்காமல், கண் இமைக்காமல் இருந்தால்தான் அந்தக் கணக்கு. அவருக்கு நான்கு மணித்தியாலம் பிடிக்கிறது. இது முதற் பார்வை மட்டுமே. மங்கல் படங்கள், கண் மூடிய படங்கள், யாரோ குறுக்கே போன படங்கள் இதில் கழியும்.

இரண்டாவது பார்வைதான் கஷ்டமானது. தாலி கட்டும் நேரத்தில் கமராவை அழுத்தியபடியே இருப்பார்களாம். ஒரே மாதிரி முப்பது படங்கள் இருக்கும். ஒன்றில் மாப்பிள்ளையின் முகம் நல்லாக இருக்கும், ஆனால் ஐயரின் கை மணமகளை மறைக்கும். இன்னொன்றில் மணமகள் சிரிப்பா, பின்னால் நிற்கும் மாமி கொட்டாவி விடுவா. இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, பெரிதாக்கிப் பார்த்துத்தான் ஒன்றை எடுக்கலாம். மூன்றாவது தரம் முக்கிய உறவினர் எல்லோரும் வந்திருக்கிறார்களா என்று பார்ப்பார். “பெரியப்பா இல்லாமல் அல்பம் போனால் திருப்பி அனுப்பிப்போடுவினம்” என்று சிரித்தார்.

அதன் பிறகு நிறம். மண்டபத்தில் மஞ்சள் பல்ப், வீடியோக்காரரின் வெள்ளை வெளிச்சம், வாசலில் வெயில், ஓமப் புகை. ஒரே கூறைச்சேலை நான்கு இடத்தில் நான்கு நிறமாகத் தெரிகிறது. ஓர் இடத்தில் எடுத்த படங்களில் ஒன்றைத் திருத்தி, அதே திருத்தத்தை மற்றவைக்கும் கணினி மூலம் கொடுக்கலாம். பிறகு படம் படமாக முகப்பரு, வியர்வை, பின்னால் தொங்கும் வயர், மேசையில் கிடக்கும் சோடாப் போத்தல் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். கடைசியில் அல்பத் தாள்களை அமைக்க வேண்டும்.

அன்றே எல்லாவற்றையும் இருந்து பார்க்க முடியாது. ஆகவே அந்தக் கலியாணத்துக்கு எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போனது என்று ஒரு கொப்பியில் எழுதித் தரும்படி தங்கச்சியிடம் கேட்டேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது பெண்களின் வீட்டுவேலையை இப்படித்தான் நேரம் குறித்துப் பார்க்கச் சொல்லித் தந்தார்கள். அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. சில கிழமைகளுக்குப் பின் கொப்பி வந்தது. மூன்று தரம் பார்த்துத் தெரிய 9 மணித்தியாலம். நிறம் திருத்த 4. இருநூற்றைம்பது படங்களையும் படத்துக்கு இரண்டு நிமிடப்படி துப்புரவாக்க எட்டேகால் அளவில். பெரிதாகப் போகும் நாற்பது படங்களுக்குக் கால் மணித்தியாலப்படி 10. இருபது விரிப்புகள் அமைக்க 10. எல்லாமாக 41 மணித்தியாலத்துக்கு மேல். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, அவர்கள் வீடு திரும்பும் நேரத்துக்குப் போகும் ஒரு தாய்க்கு அது ஏழெட்டு நாள் வேலை.

அந்தத் தங்கச்சிக்கு அல்பக் கணக்கில்தான் சம்பளம். கிடைத்த தொகையை 41 ஆல் பிரித்துப் பார்த்தோம். தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கும் கூலியை விடக் குறைவாக வந்தது. முதலாளியும் பக்கத்தில் நின்று அந்தக் கணக்கைப் பார்த்தார். அது பற்றிய பேச்சு அவர்களுக்கிடையில் இன்னும் முடியவில்லை.

ஆனால் ஏழெட்டு நாள் வேலைக்கு மூன்று மாதம் ஏன்? ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை. தையிலும் ஆவணியிலும் ஒரே நாளில் இரண்டு மூன்று. படங்கள் வரிசையில் நிற்கும். அல்பம் அச்சடித்துக் கட்டி வர மேலும் இரண்டு கிழமை. 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்த காலத்தில் எல்லாமே குழம்பிப் போனதாம். இவ்வளவையும் கூட்டினாலும் மூன்று மாதம் வராது. நான் விடாமல் கேட்டேன். ஸ்ரூடியோக்காரர் தன் தொலைபேசியைத் திறந்து காட்டினார். திருத்திய படங்கள் முழுவதையும் தெரிவு செய்வதற்காகப் பங்குனிக் கடைசியிலேயே மாப்பிள்ளைக்கு அனுப்பியிருக்கிறார். மாப்பிள்ளை கனடாவில் இரண்டு வேலை செய்கிறவர். ஆறு கிழமையாகப் படங்களைத் திறந்து பார்க்கவில்லை. அவர் தெரிவு செய்து அனுப்பாமல் அல்பம் அமைக்க முடியாது.

இடியப்ப அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அதற்காக ஸ்ரூடியோவில் பிழை இல்லை என்று சொல்ல மாட்டேன். “தெரிவு வரவில்லை” என்று தாய்க்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “எடிற்றிங்கில இருக்கு” என்று ஒரே பதிலைச் சொன்னால் யாருக்கும் சந்தேகம்தான் வரும். அதைவிட, விண்ணப்பத்துக்கு அல்பம் தேவையில்லை. தாலி கட்டல், இரு பக்கத்துப் பெற்றோருடன் நிற்றல், உறவினர் கூட்டம் என்று சில படங்கள் திருத்தாமலே போதும். அதைக் கலியாணத்துக்கு அடுத்த நாளே கொடுத்திருக்கலாம். கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. அன்று பத்து நிமிடத்தில் எடுத்துத் தந்தார்.

வெளிக்கிட எழும்பியபோது நான் சும்மா ஒரு கேள்வி கேட்டேன். கழித்த படங்களை என்ன செய்வீர்கள்?

“மூண்டு மாசம் வைச்சிருந்திட்டு அழிச்சுப்போடுவம்” என்றார். அதற்கும் ஒரு கணக்கு இருந்தது. கமராவில் இருந்து வரும் திருத்தாத ஒரு படம் 25 மெகாபைற் என்றால் 3,400 படங்கள் 85 கிகாபைற். வருடத்துக்கு நாற்பது கலியாணம் என்றால் எத்தனை ஹாட் டிஸ்க் வேண்டும்? ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி வைப்பதென்றால்? கண் மூடிய படங்களைத் தானாகவே ஒதுக்கிவிடும் மென்பொருள்களும் இப்போது வந்துவிட்டன. வாங்க முடியவில்லையே என்று தங்கச்சிக்கு ஆசை.

அதுவரை ஒன்றும் பேசாமல் கதிரையில் இருந்த மற்ற அம்மா அப்போதுதான் வாய் திறந்தார்.

“தம்பி, இரண்டாயிரத்து நாலாம் ஆண்டிலயும் அழிச்சனீங்களோ?”

அவருடைய மகனைப் பற்றி 2009 மே மாதத்துக்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை. அப்போது அவனுக்கு 19 வயது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனதில் வீட்டுப் படங்கள் எல்லாம் கைவிட்டுப் போயின. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி ஆலய முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் போராட்டத்தைத் தொடங்கிய நாளில் இருந்து அவரும் போகிறவர். மற்றத் தாய்மார் பிள்ளையின் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இவரிடம் பெயர் எழுதிய மட்டை மட்டும். அலுவலகங்களில் கோப்புக் கொடுக்கும்போதும் படம் ஒட்டும் இடம் வெறுமையாகவே போயிருக்கிறது.

ஒரே ஒரு நினைவு அவரிடம் இருந்தது. சமாதான காலத்தில் ஏ9 வீதி திறந்திருந்தபோது, 2004 இல், கணவரின் மருமகளுக்கு யாழ்ப்பாணத்தில் கலியாணம். முகமாலை தாண்டிக் குடும்பமாக வந்திருந்தார்கள். மகனுக்கு அப்போது 14 வயது. மணமகள் இப்போது லண்டனில். அல்பத்தைப் பார்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். 110 படங்கள். ஒன்றில் மகனின் தோள் மட்டும் தெரிகிறது. அந்தக் கலியாணத்தைப் படமெடுத்தது இதே ஸ்ரூடியோ.

ஸ்ரூடியோக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அப்ப ஃபிலிம் தானே, அம்மா. ஃபிலிமில அழிக்கேலாது.”

இதைச் சற்று விளக்க வேண்டும். ஃபிலிம் ரோல் ஒன்றில் 36 படங்கள். கழுவிய பிறகு நெகற்றிவை நான்கு நான்காக அல்லது ஆறு ஆறாக வெட்டி உறையில் போடுவார்கள். மூன்றாவது படம் பழுது என்றால் அதைப் பிரதி எடுக்காமல் விடலாம். ஆனால் இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் அது அப்படியே இருக்கும். வெட்டி எறிய யாரும் மினக்கெடுவதில்லை. இன்றைய படத்தை ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், போய்விடும்.

தகப்பன் காலத்து நெகற்றிவ்கள் பிஸ்கற் ரின்களில் பரணில் இருந்தன. “ரெண்டு கிழமை தாங்கோ, அம்மா” என்றார். உண்மையில் ஐந்து கிழமை ஆயிற்று. இந்தத் தாமதத்துக்கு யாரும் குறை சொல்லவில்லை. உறைகளில் சிலவற்றில் திகதி அழிந்திருந்தது. சிலவற்றில் ஈரம் பட்டுப் பூஞ்சணம். கடைசியில் அந்தக் கலியாணத்தின் ஒன்பது ரோல்களும் கிடைத்தன. 324 படங்கள். அல்பத்துக்குப் போகாதவை 214.

ஆடியில் மறுபடி போனோம். நெகற்றிவில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் தெரியும். பெற்ற தாய்க்குக் கூடப் பிள்ளையின் முகம் பிடிபடாது. வெள்ளை வெளிச்சத்தின் மேல் நெகற்றிவை வைத்து, கைத்தொலைபேசியில் நிறங்களைத் தலைகீழாக்கும் வசதியைப் போட்டு, கமராவைத் திறந்து பிடித்தால் படம் படமாகவே தெரியும். தங்கச்சி அப்படிப் பிடிக்க, அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்கு மூன்று செக்கன் கணக்குச் சரிவரவில்லை. சில படங்களில் இரண்டு மூன்று நிமிடம் நின்றார். இறந்துபோன மைத்துனர், பிறகு காணாமல் போன அயலவர், இடிந்துபோன வீட்டின் முற்றம் எல்லாம் அதற்குள் இருந்தன. காலையில் தொடங்கியது, ஏழாவது ரோலுக்கு வரும்போது பகல் ஒரு மணி.

ஒரு படத்தில் மணமகள் மண்டப வாசலில் ஏறுகிறாள். கண் இரண்டும் மூடியிருக்கிறது. அதனால் கழித்த படம். அவளுக்குப் பின்னால் தூணடியில் ஐஸ்கிறீம் கோப்பையோடு ஒரு பெடியன்.

அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நெகற்றிவில் அந்த முகம் ஒரு மில்லிமீற்றர்தான். நல்ல ஸ்கானரில் எடுத்தால் கணினியில் நூற்றைம்பது புள்ளி உயரம் வரும். சிறிய படமாக எடுக்கலாம், கிட்ட நின்று பார்த்தால் ஆளைத் தெரியும். ஆனால் மட்டையில் பெரிதாக்கினால் மங்கும். தங்கச்சி அந்த ஒரு முகத்துக்கு ஐந்து மணித்தியாலம் இருந்தார். பூஞ்சணக் கறைகளை ஒவ்வொரு புள்ளியாக எடுத்தார். மங்கிய நிறத்தை மீட்டார். நிழலைக் கொஞ்சம் வெளுப்பாக்கினார்.

அங்கே நின்ற ஓர் இளைஞர் உதவி செய்யும் நோக்கத்தில், மங்கல் முகத்தைத் தெளிவாக்கும் ஒரு செயலியில் அதைப் போட்டுக் காட்டினார். ஒரு நிமிடத்தில் பளிச்சென்று ஒரு முகம் வந்தது. இமை மயிர் எண்ணலாம். பல்வரிசை தெரிந்தது. அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இது ஆர்?”

அந்தச் செயலி இருப்பதைத் தெளிவாக்குவதில்லை. ஆயிரக்கணக்கான வேறு முகங்களில் இருந்து கற்றதை வைத்து, இல்லாத இடத்தைத் தானாக நிரப்புகிறது. பொழுதுபோக்குக்கு அது சரி. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரைத் தேடுவதற்குக் கொடுக்கும் படத்தில் அது கூடாது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கோ வேறு விசாரணைக்கோ படம் கொடுக்கும் எமது சகோதரிகள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். மங்கலாக இருந்தாலும் உண்மையான முகத்தையே கொடுங்கள். துப்புரவாக்கிய படத்துடன், கை வைக்காத மூலப்படத்தின் பிரதியையும் சேர்த்து வையுங்கள்.

உங்களிடம் பழைய படம் ஒன்று இருந்தால், இன்றே பகல் வெளிச்சத்தில், வெயில் நேரே விழாத இடத்தில் வைத்து, ஃபிளாஷ் போடாமல் கைத்தொலைபேசியில் எடுத்து, இன்னும் இரண்டு பேருக்காவது அனுப்பி வையுங்கள். கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை இழுத்துப் பிரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே எடுக்கலாம். வெள்ளத்தில் நனைந்த படங்களை ஒன்றோடொன்று ஒட்டியபடி காயவிடக் கூடாது. ஈரமாக இருக்கும்போதே சுத்தமான தண்ணீரில் மெதுவாகப் பிரித்து, முகம் மேலே இருக்கும்படி நிழலில் காயவிடுங்கள். 2011 இல் ஜப்பானில் சுனாமி வந்த பிறகு, தொண்டர்கள் சேற்றில் இருந்து பொறுக்கிய இலட்சக்கணக்கான படங்களை இப்படித்தான் கழுவித் தரம் பிரித்து உரியவர்களுக்குக் கொடுத்தார்கள். 2004 இல் எங்கள் கரையோரங்களில் எத்தனை படங்களைக் குப்பையென்று கூட்டி எரித்திருப்போம் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

கலியாணம், பூப்புனித நீராட்டு விழா என்று படக்காரரைப் பிடிக்கும்போது முற்பணப் பற்றுச்சீட்டிலேயே எழுதிக் கேளுங்கள்: தெரிவுக்கு எத்தனை நாளில் தருவார்கள், நாங்கள் தெரிந்து கொடுத்தால் அல்பம் எத்தனை நாளில் வரும், கழித்த படங்களை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள். முடிந்தால் கழித்த படங்கள் முழுவதையும் ஒரு ஹாட் டிஸ்க்கில் வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கு அது குப்பை, கொடுக்கச் சம்மதிப்பார். கண் மூடிய படம்தானே என்று விடாதீர்கள். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அந்த அம்மாவுக்கு முகத்தை மட்டும் வெட்டி இரண்டு அளவில் அச்சடித்துக் கொடுத்தார்கள். பணம் வாங்கவில்லை. அவர் முழுப் படத்திலும் ஒரு பிரதி கேட்டார். கண் மூடிய மணமகளும் தூணும் ஐஸ்கிறீம் கோப்பையும் இருக்கும் படம். அதைச் சட்டம் போட்டு வீட்டில் வைத்திருக்கிறார். முகத்தைப் போராட்டத்துக்குக் கொண்டுபோகிறார். லண்டன் மருமகளுக்கும் அனுப்பச் சொன்னார், நான்தான் வட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

இடியப்ப அக்காவின் மாப்பிள்ளை நாங்கள் பேசிய அதே கிழமையில் தெரிவை முடித்து அனுப்பினார். அதிலிருந்து 22 ஆம் நாள் அல்பம் வந்தது. கழித்த படங்களையும் அக்கா ஹாட் டிஸ்க்கில் வாங்கிவிட்டார். அவரிடம் கணினி இல்லை. இரவில் எமது நிலையத்துக்கு வந்து, அயலவர் நாலைந்து பேருடன் இருந்து, நாளுக்கு ஐம்பது படப்படி பார்க்கிறார். இன்னும் பொன்னுருக்கல் முடியவில்லை.